வலைக்கு இந்தப் பக்கம் காஞ்சீபுரம்! அந்தப் பக்கம் திருவள்ளூர்!

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருக்கிறது பிள்ளைப்பாக்கம். ஏரியும் வயலும் உள்ள ஊர். இன்று தொழிற்பேட்டையின் பெயரால்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிகிறது.

இங்கிருந்து மேற்கே போனால் காஞ்சீபுரம். வடக்கே போனால் திருவள்ளூர். காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துக்கொண்டு மாலையில் வீடு திரும்பிவிடலாம்.

காஞ்சீபுரத்தில் ஒரு பெண். திருவள்ளூரில் ஒரு பெண். 2024-ம் ஆண்டு இந்த இருவரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடினார்கள். எங்கே தெரியுமா? சுமார் 8 ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், பாரிஸ் நகரில்!

அது பாராலிம்பிக் போட்டி. மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தப்படும் ஒலிம்பிக். ஆட்டம், இறகுப்பந்து. பாட்மிண்டன் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கை போதுமா?

காஞ்சீபுரம் பெண்ணின் பெயர் செல்வி துளசிமதி. அப்போது வயது 22. இடது கையில் குறை. திருவள்ளூர் பெண் செல்வி மனீஷா. வயது 19. பிறக்கும்போது நேர்ந்த காயத்தால் வலது கை பாதிக்கப்பட்டது.

"மட்டையைப் பிடிக்க ஒரு கை போதுமே!" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு. துள்ளி எழுந்து பந்தை அடிக்கும்போது உடம்பு சாயாமல் காப்பது மற்றொரு கைதான். அந்தக் கை சரியாக இல்லாவிட்டால், அதன் வேலையையும் காலும் இடுப்பும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

துளசிமதியின் தந்தை கூலி வேலை பார்த்தவர். விளையாட்டில் ஆசை உள்ளவர். மகளுக்கு அவரே முதல் பயிற்சியாளர். மகள் விளையாட்டோடு நிற்கவில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவமும் படித்தார்.

இறகுப்பந்து சிக்கனமான ஆட்டம் அல்ல. இறகு பிய்ந்தால் பந்து போச்சு! ஒரே ஆட்டத்தில் பல பந்துகள் வீணாகும். காற்று அடித்தால் பந்து திசை மாறும். ஆகவே உயரமான கூரை உள்ள மண்டபம் வேண்டும். பிள்ளைப்பாக்கம் பக்கம் உயரமான கூரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எந்திரங்களுக்காகப் போட்ட கூரைகள்!

பாரிசுக்கு முன்பே

இருவரும் பாரிசுக்குப் போகும்போதே பெயர் பெற்றவர்கள். 2022-ல் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஜப்பான் வீராங்கனையை ஜப்பான் மண்ணிலேயே மனீஷா தோற்கடித்தார். உலகச் சாம்பியன் ஆனார். அப்போது வயது 17!

அடுத்த ஆண்டு சீனாவில் ஆசியப் போட்டி. அதில் துளசிமதிக்குத் தங்கம். அவரிடம் தோற்றவர் சீனாவின் யாங் கியூசியா. டோக்கியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்!

ஒருவர் தோற்றே ஆகவேண்டும்

பாரிசில் அரை இறுதி ஆட்டம். வலைக்கு ஒரு பக்கம் துளசிமதி. மறு பக்கம் மனீஷா. இருவர் உடையிலும் இந்தியாவின் பெயர். இறுதி ஆட்டத்துக்கு ஒருவர்தான் போக முடியும்!

21 புள்ளி முதலில் எடுப்பவருக்கு வெற்றி. இருவரும் 20 எடுத்துவிட்டால், 2 புள்ளி முந்த வேண்டும். அன்று அதுதான் நடந்தது. 20-க்கு 20. பிறகு 21-க்கு 21. முடிவில் 23-21 என்று துளசிமதி முந்தினார். அடுத்த செட்டும் அவருக்கே: 21-17.

தோற்றவருக்கு வீட்டுக்குப் போய் அழ நேரம் இல்லை. வெண்கலத்துக்கு இன்னொரு ஆட்டம் காத்திருந்தது. அரை இறுதியில் தோற்ற மனத்தோடு அந்த ஆட்டத்தை ஆடுவதுதான் மிகவும் கடினம்.

செப்டம்பர் 2-ந்தேதி மனீஷா களத்தில் இறங்கினார். எதிரே டென்மார்க் வீராங்கனை. 21-12, 21-8! வெண்கலம் மனீஷாவுக்கு.

தங்கத்துக்கான ஆட்டத்தில் துளசிமதியை எதிர்த்தவர் அதே யாங் கியூசியா. ஆசியப் போட்டியில் தோற்றவர் இந்த முறை விடவில்லை. 17-21, 10-21 என்று துளசிமதி தோற்றார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

பாராலிம்பிக் இறகுப்பந்தில் இந்தியப் பெண்கள் பதக்கம் வாங்கியது அதுவரை இல்லை. அதே பாரிசில் ஓசூரைச் சேர்ந்த செல்வி நித்யஸ்ரீயும், உயரம் குறைந்தவர்களுக்கான பிரிவில் வெண்கலம் வென்றார். ஆக, மூன்று பதக்கங்களும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கே!

ஊர் திரும்பியதும் தமிழக அரசு துளசிமதிக்கு ரூ.2 கோடியும், மனீஷாவுக்கும் நித்யஸ்ரீக்கும் தலா ரூ.1 கோடியும் வழங்கியது. 2025 ஜனவரியில் மூவருக்கும் அர்ஜுனா விருது கிடைத்தது.