உழவு இயந்திரம் வாங்குமுன் புத்தகத்தைப் பாருங்கள்

காணி வாங்குவதென்றால் நாம் உறுதியைப் பார்க்கிறோம், எல்லையைப் பார்க்கிறோம், ஈடு உண்டா என்று காணிப் பதிவகத்தில் தேடுவிக்கிறோம். பழைய லான்ட்மாஸ்டர் வாங்குவதென்றால் மட்டும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். மீளக்குடியேறி, நகையை அடைவு வைத்து வாங்கும் பொருளுக்கு இது போதுமா?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தின் பெரும்பகுதியிலிருந்தும் எமது மக்கள் பெயர்ந்தபோது வாகனங்களோடு பத்திரங்களும் சிதறின. 2009இன் பின்னர் லீசிங் கம்பனிகள் வடக்கில் பெருகின. ஆகவே விற்பனைக்கு வரும் வாகனத்தின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம். அல்லது அதன்மேல் கடன் இருக்கலாம்.

பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர்களைத் தேடுங்கள். ஒன்று பதிவு செய்யப்பட்ட உரிமையாளர். மற்றது ‘அப்சலூட் ஓனர்’ எனப்படும் முழு உரிமையாளர். அந்த இடத்தில் ஒரு கம்பனியின் பெயர் இருந்தால், விற்பவருக்கு அதைத் தனியே விற்க உரிமையில்லை. அவர் தவணை கட்டாவிட்டால், நீங்கள் முழுப் பணமும் கொடுத்திருந்தாலும் கம்பனி உங்கள் வளவுக்குள் வந்து இயந்திரத்தை எடுத்துச் செல்லக்கூடும். விற்பவர் போட்டோக் கொப்பியை நீட்டி, “புத்தகம் வீட்டிலை கிடக்குது” என்றால், அது கம்பனியில் கிடக்கிறது என்றே முதலில் எண்ணுங்கள். அப்படியாயின் விற்பவரோடு கம்பனிக்கே போய், மிகுதிக் கடனை அங்கேயே தீர்த்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள்.

புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் இயந்திரத்தில் பொறிக்கப்பட்டவையும் ஒன்றாயிருக்க வேண்டும். சுரண்டிய தடயம் கண்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

இன்னொரு தொல்லை ‘ஓப்பின் பேப்பர்’. வாங்குபவர் பெயரை நிரப்பாமல் கையொப்பமிட்ட மாற்றுப் படிவத்தோடு வாகனம் நாலு கை மாறிவிடும். முதலாமவர் இறந்திருந்தால் வாரிசுகளின் சட்டப் பத்திரங்கள் இல்லாமல் பெயர் மாற்றுவது பெரும் அலைச்சல். விற்பவருக்கும் இதில் ஆபத்துண்டு: 1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி கைமாறி 14 நாட்களுக்குள் அறிவிக்காவிட்டால், விபத்து நேரும்போது பொலிஸார் தேடி வருவது அவர் வீட்டுக்கே.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் பதிவேட்டு விபரம் பெறலாம். யாழ். மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைக் காட்டி “எல்லாம் சரி” என்பார் தரகர். அது வரி கட்டியதற்கே அத்தாட்சி, உரிமைக்கு அல்ல. பதிவேட்டைப் பார்க்கும்வரை முற்பணமும் கொடுக்க வேண்டாம்; மிகுதியை மாற்றுப் படிவம் கையளிக்கும் நாளில் கொடுங்கள்.