மோட்டார் சைக்கிளில் 7 லட்சம் கிலோ மீட்டர்!
10 ஆண்டு ஓடிய "தங்கச் சிறகு"

தென் அமெரிக்காவில் உள்ள நாடு அர்ஜென்டினா. அங்கே எமிலியோ ஸ்காட்டோ என்று ஒரு சிறுவன் இருந்தான்.

அவனுக்கு உலகப்படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அந்தப் படத்தில் அவன் ஒரு கோடு போட்டான். நாடு நாடாகத் தொட்டுக்கொண்டு, உலகம் முழுவதும் ஓடியது அந்தக் கோடு. "நீலப் பாதை" என்று அதற்குப் பெயரும் வைத்தான்.

சிறு பிள்ளைகள் இப்படிக் கோடு போடுவது உண்டு. வளர்ந்ததும் மறந்துவிடுவார்கள். ஸ்காட்டோ மறக்கவில்லை!

1985-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, போனஸ் அயர்ஸ் நகரில் இருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். கையில் இருந்த பணம் கொஞ்சம்தான்.

அவர் பயணத்தை முடித்தது எப்போது தெரியுமா? 1995-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி!

10 ஆண்டுகளுக்கு மேல் சுற்றிவிட்டார். கடந்த தூரம் 7 லட்சத்து 35 ஆயிரம் கிலோ மீட்டர். பூமியில் இருந்து சந்திரனுக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு!

இவ்வளவு தூரம் அவரைச் சுமந்த வண்டியின் பெயர் "கோல்டு விங்". தமிழில் சொன்னால் "தங்கச் சிறகு". ஜப்பான் நாட்டு ஹோண்டா கம்பெனியின் வண்டி அது.

சைக்கிளில் தொடங்கியது

ஹோண்டா கம்பெனி பிறந்த கதையும் சுவையானது.

உலகப்போர் முடிந்த நேரம். ராணுவத்தில் மிச்சமான சின்னஞ்சிறு என்ஜின்கள் சோய்ச்சிரோ ஹோண்டாவின் கையில் கிடைத்தன. 1946-ல் அவற்றை அவர் சைக்கிள்களில் பொருத்தி விற்றார். மிதிக்காமல் ஓடும் சைக்கிளை மக்கள் விரும்பி வாங்கினார்கள். 1948-ல் கம்பெனி தொடங்கினார்.

26 ஆண்டுகள் கழிந்தன. 1974-ம் ஆண்டு ஜெர்மனியில் உள்ள கொலோன் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. அங்கேதான் "கோல்டு விங்" முதன்முதலாகக் காட்டப்பட்டது.

பெட்ரோல் டேங்க் எங்கே?

அதில் பல புதுமைகள் இருந்தன.

என்ஜின் 999 சி.சி. அதற்கு 4 சிலிண்டர்கள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் படுத்திருக்கும். எதிர் எதிரே உள்ள பிஸ்டன்கள் ஒரே நேரத்தில் வெளியே போகும். ஒரே நேரத்தில் உள்ளே வரும். ஒன்றின் உதறலை மற்றொன்று அடக்கிவிடும். அதனால் வண்டி அதிராது.

என்ஜினைக் குளிரவைக்க, காரில் இருப்பதுபோல் தண்ணீர் ஓடியது. பின்சக்கரத்துக்குச் செயின் கிடையாது. இரும்புத் தண்டு ஒன்று சக்கரத்தைச் சுழற்றியது. செயின் தளர்ந்துவிட்டதே, அறுந்துவிட்டதே என்று வழியில் நிற்க வேண்டியது இல்லை.

பெட்ரோல் டேங்க் வழக்கமான இடத்தில் இல்லை! ஆசனத்துக்குக் கீழே இருந்தது. கனமான பெட்ரோல் கீழே இருந்தால் வண்டி சாயாமல் நிற்கும் அல்லவா? டேங்க் போலத் தோன்றும் மேல்பகுதியைத் திறந்தால், உள்ளே மின்சாரக் கருவிகள் இருக்கும்.

ஒரு குறையும் உண்டு. வண்டியின் எடை 260 கிலோவுக்கு மேல்! கீழே சாய்ந்தால் தூக்கி நிறுத்துவது லேசான காரியம் அல்ல.

பின்னாலும் போகும்!

நீண்ட பயணம் போகிறவர்கள், காற்றுத் தடுப்பும் பெட்டிகளும் தாங்களாகவே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதைக் கம்பெனி கவனித்தது. 1980-ல் எல்லாவற்றையும் சேர்த்தே விற்றது. அமெரிக்காவில் ஒகாயோ மாநிலத்தில் உள்ள மேரிஸ்வில் தொழிற்சாலையிலும் அந்த ஆண்டு உற்பத்தி தொடங்கியது.

1988-ம் ஆண்டு வண்டியில் சிலிண்டர்கள் 6 ஆயின. எடையும் கூடியது. "இதை எப்படிப் பின்னால் தள்ளுவது?" என்ற கேள்வி எழும் அல்லவா? அதற்கும் வழி செய்தார்கள். என்ஜினைக் கிளப்பும் மின்சார மோட்டாரே வண்டியை மெதுவாகப் பின்னுக்கு நகர்த்தியது!

2006-ம் ஆண்டு வண்டியில் காற்றுப்பை வந்தது. வண்டி நேருக்கு நேர் மோதினால், கண் இமைக்கும் நேரத்தில் பை உப்பி, ஓட்டுகிறவரைத் தாங்கும். விற்பனைக்கு வந்த மோட்டார் சைக்கிள்களில் காற்றுப்பை வைத்தது, உலகிலேயே இதுதான் முதல் தடவை.

86 டயர்கள்

மீண்டும் ஸ்காட்டோவிடம் வருவோம்.

அவர் ஓட்டியது 1980-ம் ஆண்டு வண்டி. கறுப்பு நிறம். "கறுப்பு இளவரசி" என்று செல்லமாக அழைத்தார். பயணத்தில் அது குடித்த பெட்ரோல் 47 ஆயிரம் லிட்டர்! தேய்ந்த டயர்கள் 86. மாற்றிய பாட்டரிகள் 12. கிழிந்துபோன ஆசனங்கள் 9.

டயர் போனது, பாட்டரி போனது, ஆசனமும் போனது. இளவரசியை மட்டும் அவர் கைவிடவில்லை. அவளும் அவரைக் கைவிடவில்லை!

நல்ல வண்டி இருந்தால் நெடுந்தூரம் போகலாம். ஆனால், வண்டி தானாகப் புறப்படாது. அன்று ஒரு சிறுவன் உலகப்படத்தில் கோடு போட்டான். அதை அழிக்காமல் வைத்திருந்தான். அதனால்தான் சக்கரம் சுழன்றது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் உலகப்படத்தில் கோடு போடுகிறதா? திட்டாதீர்கள். "எங்கே போகிறாய்?" என்று கேளுங்கள்!