நுண் விளக்குத் திரையில் ஒளிராப் புள்ளிகள்

தொலைக்காட்சித் திரையில் தோன்றும் படம் பல லட்சம் புள்ளிகளின் சேர்க்கையாகும். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறக் கூறுகளைக் கொண்டது. திரவப் படிகத் திரையில் பின்புறமுள்ள விளக்கின் ஒளியைத் தடுத்தும் விடுத்தும் இந்நிறங்கள் பெறப்படுகின்றன. மைக்ரோ எல்.இ.டி. திரையிலோ ஒவ்வொரு கூறும் தானே ஒளிரும் தனி விளக்காகும். அதன் அகலம் பொதுவாக 100 மைக்ரானுக்கும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹாங்ஸிங் ஜியாங், ஜிங்யூ லின் ஆகியோரின் குழு 2000ஆம் ஆண்டில் இத்தகைய நுண் விளக்குகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 2012இல் ஜப்பானின் ஸோனி நிறுவனம் ஏறத்தாழ 60 லட்சம் விளக்குகள் கொண்ட 55 அங்குல மாதிரித் திரையைக் காட்சிக்கு வைத்தது. எனினும் இத்திரை இன்றும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலையிலேயே உள்ளது. பழுதுபட்ட புள்ளிகளைக் கண்டுபிடித்துச் சீர்செய்ய ஆகும் செலவு இதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

கணக்கு கூறும் உண்மை

4கே எனப்படும் திரையில் 3,840 பத்திகளும் 2,160 வரிசைகளும் உண்டு. ஆகவே புள்ளிகள் 82,94,400, விளக்குகள் 2,48,83,200. பத்தாயிரத்தில் ஒன்றே பழுது என்றால் தேர்ச்சி 99.99 சதவீதம். வேறு தொழில்களில் இது பாராட்டத்தக்க தேர்ச்சி. இத்திரையிலோ ஏறத்தாழ 2,488 விளக்குகள் ஒளிராது நிற்கும். ஒன்றை மாற்றப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு திரைக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் பிடிக்கும். பத்து லட்சத்தில் ஒன்றே பழுதெனில் எண்ணிக்கை 25ஆகக் குறையும்.

பழுது எங்கே பிறக்கிறது?

நீல விளக்கும் பச்சை விளக்கும் பெரும்பாலும் நீலக்கல் தகட்டின் மீது கேலியம் நைட்ரைட் வகைப் படிகமாக வளர்க்கப்படுகின்றன. இரண்டின் அணு அமைப்பும் ஒத்துப்போகாமையால் படிகத்தில் குறைகள் தோன்றுகின்றன. தூசித் துகள் விழுதல், விளக்கை வெட்டிப் பிரிக்கையில் விளிம்பு சிதைதல் ஆகியனவும் கேடு விளைவிக்கும். விளக்கு சிறுக்கச் சிறுக்க, அதன் பரப்பில் விளிம்பின் பங்கு மிகுவதால் இக்கேடும் மிகும். பின்னர், ரப்பர் முத்திரை போன்ற தகட்டினால் ஆயிரக்கணக்கான விளக்குகளை ஒருங்கே எடுத்துத் திரையில் பதிக்கும்போது சில இடம் பிசகும்; சிலவற்றின் மின் இணைப்பு சரியாகப் பற்றாது. விளக்கு நன்றாயிருந்தும் அதை இயக்கும் டிரான்ஸிஸ்டர் பழுதாயிருப்பதும் உண்டு. அப்போது விளக்கை மாற்றிப் பயனில்லை.

முன்கூட்டியே அறிதல்

தகட்டிலிருக்கும்போதே விளக்குகளின்மீது குறுகிய அலைநீளமுள்ள ஒளியைப் பாய்ச்சினால், மின்சாரமின்றியே நல்ல படிகம் ஒளிரும். கேமரா அதைப் படம்பிடிக்கும். இச்சோதனை விரைவானது. ஆயினும் மின்முனையிலுள்ள குறையை இது காட்டாது. அதற்கு மின்சாரம் செலுத்தியே பார்க்க வேண்டும். கண்டறிந்த பழுதுகளை லேசரால் முன்னரே நீக்கிவிட்டால், திரையில் அவ்விடங்கள் காலியாக விடப்படும். ஒட்டிய விளக்கைப் பெயர்த்தெடுத்து இடத்தைத் துப்புரவாக்குவதைவிடக் காலியிடத்தை நிரப்புதல் எளிது.

இரட்டை விளக்கு

ஒவ்வோர் இடத்திலும் இரு விளக்குகளைப் பொருத்துவது மற்றொரு முறை. பழுது பத்தாயிரத்தில் ஒன்றாயின், இரண்டும் ஒருங்கே பழுதாகும் வாய்ப்பு பத்துக் கோடியில் ஒன்று. அதாவது, நான்கு திரைகளுக்கு ஏறத்தாழ ஓர் இடமே இருளும். ஆனால் இக்கணக்கு, ஒன்றின் பழுதுக்கும் மற்றொன்றின் பழுதுக்கும் தொடர்பில்லை என்று கொண்டே போடப்படுகிறது. உண்மையில் பழுதுகள் தகட்டின் சில பகுதிகளில் கூட்டமாக அமைவதுண்டு. அருகருகே வளர்ந்த இரண்டை ஓரிடத்தில் வைத்தால் எதிர்பார்த்த பயன் கிட்டாது. தகட்டின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து அவற்றை எடுத்தல் நலம். இம்முறையில் விளக்குச் செலவு இரட்டிப்பதையும் மறத்தற்கில்லை.

இறுதியில், மங்கலாக ஒளிரும் விளக்குக்கு மின்னோட்டத்தைத் திருத்தி, அண்டை விளக்குகளோடு ஒத்த ஒளியை வரவழைக்கலாம். அறவே ஒளிராததற்கு இது உதவாது. எப்போதும் எரிந்துகொண்டேயிருக்கும் புள்ளி, இருண்ட காட்சியில் கண்ணை மிகவும் உறுத்தும். ஆகவே சில வேளைகளில் லேசரால் அதன் இணைப்பைத் துண்டித்து, வேண்டுமென்றே அணைத்துவிடுகின்றனர்.

ஒரு விளக்கு தகட்டிலேயே விலக்கப்படின், இழப்பது அந்தத் துகள் மட்டுமே. திரை முழுமையான பின் அதே பழுது வெளிப்பட்டு, சீர்செய்யவும் இயலாமற்போனால், இரண்டு கோடிக்கு மேற்பட்ட நல்ல விளக்குகளும் அதனோடு வீணாகலாம். ஆகவேதான் இத்தொழிலில் விளக்கைச் செய்யும் இயந்திரத்துக்கு ஈடாகச் சோதிக்கும் இயந்திரத்துக்கும் முக்கியத்துவம் அளிக்கப்படுகிறது.