வேற்றார் வேதங்கள் - 7: யாழ்ப்பாணத்தில் லேவியராகமம்

பார்ஸலோனா அரசவையில் 1263-ஆம் வருஷம் நிகழ்ந்த வாதத்தைச் சென்ற வாரம் கண்டோம். யூத மதத்தினின்றும் கிறிஸ்து மதம் புகுந்த பாப்லோ கிறிஸ்தியானி என்னும் துறவி, யூதர்களுடைய தல்மூதைக் கொண்டே மேசியா வந்துவிட்டாரென்று ஸ்தாபிக்க முற்பட்டதும், நஹ்மானிதிஸ் என்ற யூதப் பெரியார், அந்தக் கிரந்தத்துக் கதைப் பகுதிகளை ஏற்றேயாக வேண்டுமென்ற நியதி தமக்கில்லையென்று கூறி வாதத்தின் வேரையே அறுத்ததும் வாசகர்க்கு நினைவிருக்கும். பிறர் நூலைக் கையிலெடுத்துப் பிறரை மடக்கும் அந்த உபாயம், ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் திசைமாறிப் பிரயோகமாயிற்று. அங்கே நூல் பாதிரிமாருடையது. எடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

நாவலருக்கு அந்நூல் கேள்வி ஞானத்தால் வந்ததன்று. 1822-ல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்து, பீட்டர் பார்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கிய பெருமுயற்சியில் பல ஆண்டுகள் உடனுழைத்தவர். 1850-ல் அம்மொழிபெயர்ப்பு அச்சேறியபோது, அவரோ அதற்கு முன்பே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிச் சைவப் பிரசங்கமும் தொடங்கிவிட்டார். நான்காண்டு கழித்து, 1854-ல், அவருடைய சைவதூஷண பரிகாரம் என்னும் மறுப்பு நூல் வெளிவந்தது.

விக்கிரகத்தை வணங்குதல், தீபதூபம் காட்டுதல், நைவேத்தியம் படைத்தல், தீர்த்தமாடுதல் ஆகிய யாவும் அஞ்ஞானமென்று மிஷன் அச்சுக்கூடங்களிலிருந்து துண்டுப் பிரசுரங்கள் ஊரூராகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது. புராணத்தைப் பிரமாணமாகக் கொள்ளாதவரிடம் புராணம் பேசிப் பயனென்ன? ஆதலால் நாவலர் எருசலேம் ஆலயத்து வழிபாட்டையே சிவாலய வழிபாட்டுக்கு எதிரே நிறுத்தினார். அவ்வாலயத்துக்கு முன்னோடியாக மோசே அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தில், உடன்படிக்கைப் பெட்டியின்மேல் சிறகு விரித்த பொற்கேருபீன்கள் இரண்டு. ஏழு அகல்களையுடைய பொன் குத்துவிளக்கு. காலையும் மாலையும் சுகந்த தூபம். சந்நிதியில் அடுக்கிவைத்த அப்பங்கள். கைகால் கழுவிக்கொள்ள வெண்கலத் தொட்டி. ஆசாரியருக்கென்று தனி வஸ்திரம். தீட்டுக்கும் சுத்திக்கும் முடிவில்லாத விதிகள். யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் பெயர் மறைத்துப் படித்துக் காட்டினால், நம் குருக்கள்மார் சைவாகமமான காமிகத்தின் ஏதோவொரு படலமென்றே தலையசைப்பார்கள். ஒன்று தேவ கட்டளையும் மற்றொன்று பேயின் காரியமும் ஆவது எந்த நியாயத்தால் என்பதே நாவலர் விடுத்த வினாவின் சாரம். சைவதூஷண பரிகாரத்திற் கண்ட விவிலியப் புலமையைப் பிற்காலத்தில் வெஸ்லியன் பாதிரியாரொருவரே தம் நூலில் வியந்தெழுதினார்.

எதிராளியின் கொள்கையை அவனினும் தெளிவாக எடுத்துரைத்துப் பின்னரே மறுக்கப் புகும் முறைக்குச் சிவஞான சித்தியாரின் பரபக்கம் போன்ற உதாரணங்கள் நம்மிடையே முன்னரே உண்டு. நாவலர் புதிதாய்ச் செய்தது, எதிராளியின் வேதத்தைத் தம் பக்கத்துச் சாட்சியாகக் கூண்டிலேற்றியதுதான்.

கிறிஸ்தவரிடம் இதற்கு விடையில்லாமலில்லை. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம், அக்கிரியைகளெல்லாம் வரப்போவதன் நிழலென்றும், கிறிஸ்து ஒருமுறை பலியானதோடு அவை முடிந்தனவென்றும் சாதிக்கிறது. இதை வெறும் சமாதானமென்று ஒதுக்குவது நேர்மையன்று. லேவியராகமத்தின் நடுநாயகம் தீபமுமன்று, தூபமுமன்று. பலிபீடத்தில் தெளிக்கப்படும் இரத்தம். சிலுவையிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் கிறிஸ்தவன் அந்த இரத்தத்தையே முதலில் காண்கிறான். சைவக் கோயில்களில் ஆடு வெட்டுவதை வன்மையாகக் கண்டித்த நாவலரின் சைவத்துக்கோ அது அந்நியம். விளக்கடியில் அத்தனை அழகாகப் பொருந்தும் ஒப்புமை பலிபீடத்தண்டை வந்ததும் தளர்கிறது. நாவலர் புகழ் பாடுவோர் இவ்விடத்தைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள்.

ஆயினும் பாதிரிமாருக்கு அவர் உண்டாக்கிய சங்கடம் சிறிதன்று. தூபம், மெழுகுவர்த்தி, சுரூபம், பூசை வஸ்திரம் யாவும் அதே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோயில்களில் நாள்தோறும் விளங்கின. சுரூபத்தைக் கண்டித்துச் சீர்திருத்த சபையார் ஐரோப்பாவில் முந்நூறு வருஷமாகக் காட்டிவந்தது பத்துக் கற்பனைகளை. சுரூபத்தைக் காக்க ரோமாபுரிச் சபையார் காட்டிவந்ததோ, அந்தக் கேருபீன்களையே. நாவலரை மறுக்கப் புகுந்த பாதிரியார், தம் வீட்டுப் பழைய வழக்கொன்றை அயலூர்ச் சபையில் மறுபடியும் நடத்த வேண்டியவரானார்.

(தொடரும்)