வசனத்தின் முகவரி

யோவான் 3:16 என்று ஒருவர் சொன்னால் போதும். நாகர்கோவிலில் பழைய தோல் அட்டை வேதாகமம் வைத்திருப்பவரும் நைரோபியில் ஸ்வாஹிலி வேதாகமம் வைத்திருப்பவரும் ஒரே இடத்தில் விரல் வைப்பார்கள். பக்க எண் வேண்டாம், எந்தப் பதிப்பு என்ற கேள்வியும் வேண்டாம். வேதாகமச் செயலிகள் இவ்வளவு விரைவில் பரவ இந்த முகவரி முறை பெரிதும் உதவியிருக்கிறது. கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கணினி விரும்பும் வடிவில் அந்த நூல் எண்ணிடப்பட்டுவிட்டது.

இன்றைய அதிகாரப் பிரிவுக்கு வித்திட்டவராகச் சொல்லப்படுபவர் ஸ்டீபன் லாங்டன். பாரிஸில் ஆசிரியராக இருந்து, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்டர்பரி பேராயரானவர் அவர். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள், ரொபேர் எஸ்தியேன் என்ற அச்சகர் 1551இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பிலிருந்து வந்தவை. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய உழைப்பு நடந்தது. 1230களில் பாரிஸின் டொமினிக்கன் மடத்தில், ஹியூ என்ற அறிஞரின் மேற்பார்வையில், லத்தீன் வேதாகமத்துக்குச் சொல்லடைவு தயாரித்தார்கள். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பட்டியல் அது. அப்போது வசன எண் கிடையாது. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பங்காகப் பாவித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்தார்கள். ஐந்நூறு துறவிகள் சேர்ந்து செய்ததாக மரபு சொல்கிறது.

உங்கள் போனில் இருக்கும் வேதாகமச் செயலியும் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறது. கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் 31,102 வசனங்கள் உள்ளன. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டும்போது செயலி அத்தனையையும் முதலிலிருந்து படித்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் வசனங்களின் எண்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். கணினியியலில் இதைத் தலைகீழ் அட்டவணை என்பார்கள். இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடினால், இரண்டு பட்டியல்களிலும் பொதுவாக உள்ள எண்களை மட்டும் எடுத்துக் காட்டும். 1957இலேயே ஜான் எல்லிசன் என்ற அமெரிக்கப் பாதிரியார் யூனிவாக் கணினியைக் கொண்டு ஆங்கில வேதாகமத்துக்கு முழுச் சொல்லடைவைத் தயாரித்துவிட்டார். ஓர் அறையை அடைத்துக்கொண்ட இயந்திரம் அது. இன்று அந்த வேலை சட்டைப் பையில், இணைய இணைப்புகூட இல்லாமல் நடக்கிறது.

காசு வாங்காத செயலிகளில் பரவலாகத் தெரிந்தது யூவெர்ஷன். ஓக்லஹோமாவின் லைஃப் சர்ச் என்ற சபை நடத்தும் அது, 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்தபோதே அங்கே இருந்தது. தமிழ் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வேதாகமத்தைத் தருகிறது. அன்றாட வாசிப்புக்கும் வாசிப்புத் திட்டங்களுக்கும் அது நல்ல துணை. ஆழ்ந்த படிப்புக்கு நான் பரிந்துரைப்பது வேறு இரண்டு: கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் ஆய்வு நூலகம் உருவாக்கிய ஸ்டெப் பைபிள், தன்னார்வலர்கள் எழுதிவரும் ஆண்ட் பைபிள். இரண்டிலும் விளம்பரம் இல்லை. வசனம் படிப்பதற்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு, உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் அறிய அனுமதி கேட்கும் செயலியை ஏற்காதீர்கள். அந்த இரண்டும் இல்லாமலே வசனம் திறக்கும்.

மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துப் படிக்கும் வசதி அச்சுக்கு எட்டாத வரம். ஆனால் முகவரி சில இடங்களில் பிசகும். எபிரேயப் பதிப்புகளில் சங்கீதத்தின் தலைப்பும் பெரும்பாலும் வசனமாக எண்ணப்படும். 51ஆம் சங்கீதத்தில் தலைப்பே இரண்டு வசனங்களாக எண்ணப்படுவதால், நம் முதல் வசனம் அங்கே மூன்றாவது. கிரேக்க, லத்தீன் மரபில் 9, 10 இரண்டும் ஒரே சங்கீதம் என்பதால் 23ஆம் சங்கீதம் 22 ஆகிவிடும். நல்ல செயலிகள் இதற்கென்றே ஒரு பொருத்த அட்டவணை வைத்திருக்கின்றன. பக்கத்து நெடுவரிசையில் சம்பந்தமில்லாத வசனம் தெரிந்தால், மொழிபெயர்ப்பைக் குறை சொல்லும் முன் எண்ணைச் சரிபாருங்கள்.

ஆங்கில வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டால் அதற்குரிய எபிரேய, கிரேக்கச் சொல் விரியும் வசதியைப் பலர் வியப்போடு காட்டுவார்கள். அதன் பின்னால் இருப்பவர் ஜேம்ஸ் ஸ்ட்ராங். 1890இல் வெளியான தம் சொல்லடைவில் எபிரேயச் சொற்களுக்கு 8,674 வரையிலும் கிரேக்கச் சொற்களுக்கு 5,624 வரையிலும் எண்கள் கொடுத்தார். மூலமொழி எழுத்தே தெரியாதவரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அகராதிக்குப் போகலாம். இது பெரிய கொடை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பை மேடுகளில் சாமானியர்களின் கிரேக்கக் கடிதங்களும் ரசீதுகளும் தோண்டி எடுக்கப்பட்டது 1896க்குப் பிறகு. சாக்கடல் சுருள்கள் வெளிப்பட்டது 1947 முதல். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தையும் பழைய எபிரேயத்தையும் பற்றி இவை கற்றுத்தந்த எதுவும் ஸ்ட்ராங்கின் அகராதியில் இருக்க முடியாது. ஸ்ட்ராங்கின் அகராதியும் 1714இல் இறந்த மத்தேயு ஹென்றியின் விளக்கவுரையும் ஏராளமான செயலிகளில் இலவசமாகக் கிடைப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை யாரும் சேர்த்துக்கொள்ளலாம். பழையது என்பதால் அவை தாழ்ந்தவை அல்ல. ஆனால் வேதபாட வகுப்பில் செயலியைத் திறந்து, மூலமொழியில் இதற்கு இப்படித்தான் அர்த்தம் என்று முடித்துவைப்பவர், தம் கையில் இருப்பது எந்த ஆண்டின் அகராதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகராதி ஒரு சொல்லுக்குத் தரும் பொருள்கள் அனைத்தையும் ஒரே வசனத்தில் ஏற்றுவதும் தவறு. அங்கே எந்தப் பொருள் என்பதை முன்பின் வாக்கியங்கள்தான் சொல்லும்.

திரையில் படித்தால் மனத்தில் நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. ஸ்பெயினின் பாப்லோ டெல்காடோவும் சகாக்களும் 54 ஆய்வுகளை, 1,70,000க்கும் மேற்பட்ட வாசகர்களின் தரவுகளை, ஒன்றுசேர்த்து 2018இல் வெளியிட்டார்கள். தகவலும் வாதமும் நிறைந்த உரைகளைப் புரிந்துகொள்வதில், குறிப்பாக நேரம் குறைவாக இருக்கும்போது, காகிதமே முந்தியது. கதைகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ரூத்தின் கதையைப் பேருந்தில் போனிலேயே படிக்கலாம், ரோமர் நிருபத்தின் நீண்ட வாதத்தைப் பின்தொடர அச்சுப் புத்தகமும் பென்சிலும் வேண்டும்.

கண் மங்கியவர்களுக்கு ஒலி வேதாகமம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபெய்த் கம்ஸ் பை ஹியரிங் அமைப்பு இதையே முழுநேரப் பணியாகச் செய்கிறது. உலகின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் இப்படிப் பதிவான புதிய ஏற்பாட்டு வாசிப்புகளைக் கொண்டுதான், 2023இல் மெட்டா நிறுவனம் கணினிக்குச் சிறு மொழிகளின் பேச்சைக் கற்றுக்கொடுத்தது. எழுத்து மிகக் குறைவாக உள்ள மொழிகளுக்கும் அதனால் வழி திறந்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலச் செயலியில் தேடுபவருக்கு இல்லாத சிக்கல் தமிழ் வாசகருக்கு உண்டு. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரத்தின்' எதுவும் அகப்படாமல் போகலாம். வேற்றுமை உருபு சேரும்போது ஈற்று மகரம் கெட்டுச் சாரியை வந்துவிடுகிறது. கணினிக்கு அது வேறு சொல். சரி, 'மர' என்று சுருக்கினால் மரணமும் மரியாளும் கூட்டமாக வந்து நிற்பார்கள். 'மரத்' என்று புள்ளியோடு தேடிப் பாருங்கள், வேண்டியவை பெரும்பாலும் சிக்கும். 'வீடு' கிடைக்காத இடத்தில் 'வீட்' கிடைக்கும். வினைச்சொல்லில் இன்னும் கவனம் தேவை. 'கேள்' என்பதைத் தேடி 'கேட்டான்' என்பதை அடைய முடியாது. 'கேட்' என்றும் தனியாகத் தேட வேண்டும்.

எந்த மொழிபெயர்ப்பில் தேடுகிறோம் என்பதும் முக்கியம். 1871இல் முடிந்த பவர் மொழிபெயர்ப்பில் சுவிசேஷம், கிருபை, ஞானஸ்நானம். 1995இன் திருவிவிலியத்தில் நற்செய்தி, அருள், திருமுழுக்கு. ஒன்றின் சொல்லை மற்றதில் தேடிவிட்டு, அப்படி ஒரு கருத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் ஒன்று உண்டு. யூனிகோடில் 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. அவற்றை ஒருமைப்படுத்தாத செயலி, கண்முன் இருக்கும் வசனத்தை இல்லை என்று சொல்லும்.

இவை தீராத குறைகள் அல்ல. எழுத்தை ஒருமைப்படுத்தும் விதிகளை யூனிகோடே வகுத்திருக்கிறது. ஸ்னோபால் என்ற திறந்த மென்பொருள் தொகுப்பில், தமிழ்ச் சொல்லின் விகுதிகளைக் களைந்து அடிச்சொல்லை எடுக்கும் நிரல் ஏற்கெனவே உள்ளது. சந்தி மாற்றங்களை அது இன்னும் நன்றாகக் கையாள வேண்டும். அதைச் செம்மைப்படுத்தி வேதாகமத் தேடலோடு இணைப்பது, கணினி படிக்கும் இரண்டு மூன்று மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை. ஆண்ட் பைபிளின் மூலநிரல் யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்தே இருக்கிறது.