சூழல் சார்ந்த எளிய காகிதக் கைவினைகள்

பயன்படுத்தி முடித்த காகிதத்தைக் கொண்டு சிறுவர்கள் செய்யும் எளிய பொருள்கள் சூழல் சார்ந்த காகிதக் கைவினைகள் எனப்படும். புதிய வண்ணத்தாள் வாங்கி மரம் போல வெட்டி ஒட்டுவது சூழலைப் பற்றிய கைவினை மட்டுமே. சூழலுக்கு உதவும் கைவினை ஆகாது. எதனால் செய்யப்படுகிறது, செய்தபின் எதற்குப் பயன்படுகிறது என்னும் இரண்டுமே இங்கு முதன்மையானவை.

தேவையான பொருள்கள்

படித்து முடித்த நாளிதழ், எழுதித் தீர்ந்த குறிப்பேடு, பழைய நாட்காட்டி அட்டை, கத்தரிக்கோல், நூல் ஆகியவை போதும். ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக் காய்ச்சினால் பசை கிடைக்கும். இதைப் பெரியவர்கள் செய்து தர வேண்டும். மினுக்குத்தூள் பெரும்பாலும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

காகிதப் பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. கடைக்கான மாற்றுப் பையைச் சிறுவர்களே செய்யலாம்.

1. இரண்டு நாளிதழ்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்க வேண்டும்.
2. இடது, வலது ஓரங்களை நடுவில் இரு விரல் அகலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு மடித்து ஒட்ட வேண்டும்.
3. அடிப்பகுதியை நான்கு விரல் உயரம் மேலே மடித்து, அந்த மடிப்பைத் திறந்து, இரு மூலைகளும் முக்கோணமாகும்படி அழுத்த வேண்டும்.
4. மேல் மடலையும் கீழ் மடலையும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும்.
5. வாய்ப்பகுதியை உள்ளே மடித்து, அதற்குள் அட்டைத் துண்டு வைத்து ஒட்டித் துளையிட்டு, சணல் கயிறு கோக்க வேண்டும்.

பயறு, கடலை போன்றவற்றைப் பொட்டலமாக இதில் எடுத்து வரலாம். வடை, பஜ்ஜி போன்றவற்றை நேரடியாக வைக்கக் கூடாது. அச்சு மை சூட்டிலும் எண்ணெயிலும் உணவில் கலக்கும்.

நாற்றுக் குவளை

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மரம் வளர்ப்பைத் தொடங்க ஒரு நாளிதழ்த் துண்டே போதும். ஒரு சாண் அகலத் துண்டை டம்ளரைச் சுற்றி மூன்று, நான்கு முறை உருட்டி, அடியில் நீளும் பகுதியை உள்நோக்கி மடித்து அழுத்தி, டம்ளரை உருவிவிட்டால் குவளை தயார். மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, புங்கன், சுரை, பூசணி விதைகளை ஊன்றலாம். வேப்ப விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறையும் என்பதால் புதிதாக உதிர்ந்ததையே எடுக்க வேண்டும்.

பாலித்தீன் பையில் வளர்த்த கன்றை நடும்போது பையைக் கிழித்து அகற்ற வேண்டும். அப்போது வேர் அறுபடலாம். காகிதக் குவளையை அப்படியே நடலாம், அது மண்ணில் மட்கிவிடும். விளிம்பு மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் காகிதம் ஈரத்தை உறிஞ்சி வெளியே ஆவியாக்கும். எனவே முழுவதும் புதைக்க வேண்டும்.

காகித மயில்

ஆவூர் அமைந்துள்ள விராலிமலை வட்டாரம் மயில்களுக்குப் பெயர்பெற்றது. நீள்சதுரத் தாளை விரல் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் நூலால் கட்டி, இரு பாதிகளையும் மேலே தூக்கி, சந்திக்கும் ஓரங்களை ஒட்டினால் தோகை விரியும். அட்டையில் உடலை வெட்டி முன்னால் ஒட்டலாம்.

செய்யும்போதே உண்மை மயிலையும் அறியலாம். நீண்ட தோகை ஆண் மயிலுக்கு மட்டுமே உண்டு. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அது ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் வளரும். 1963 முதல் மயில் இந்தியாவின் தேசியப் பறவையாக உள்ளது.

பயன்பாட்டுக்குப் பின்

ஒவ்வொரு மறுசுழற்சியிலும் காகிதத்தின் நார் குட்டையாகி வலுவிழக்கும். அதனால் காகிதத்தை முடிந்தவரை தாளாகவே மீண்டும் பயன்படுத்திய பின் மறுசுழற்சிக்கு அனுப்புவது நல்லது. கிழிந்த பையையும் பழைய மயிலையும் நூல், கயிறு நீக்கி எருக்குழியில் இடலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள பளபளப்பான அழைப்பிதழ்கள் மட்காது. அவற்றை எருக்குழியில் சேர்க்கக் கூடாது.