நிலமும் பொழுதும் மேடையேறும்போது: கூட்டு நிகழ்த்துகலை ஓர் அறிமுகம்



"முதற்பொருள் என்றால் என்ன?" என்று கேட்டால் நம் மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: நிலமும் பொழுதும். ஐந்திணை அட்டவணையையும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஆனால், "சரி, நீ இருக்கிற இடம் எந்தத் திணை?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளரும் பிள்ளை என்னதான் சொல்லும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவும் ஒரு கலைவடிவம்தான் கூட்டு நிகழ்த்துகலை.

நிகழ்த்துகலை என்றால் என்ன?

"என்ன சார் இது, நாடகமா டான்ஸா?" என்று மாணவர் கேட்கலாம். நாடகத்தில் கதையும் பாத்திரங்களும் உண்டு. இங்கே விளக்கப்படும் நிகழ்த்துகலையில் அவை கட்டாயமில்லை. கலைஞர் தம் உடலையும், நிற்கும் இடத்தையும், நேரத்தையும், சில வேளைகளில் பார்வையாளரையும் கலைப்பொருளாக்குகிறார். கலைஞரோடு அறிவியலாளரும் ஊர்மக்களும் சேர்ந்து உருவாக்கினால் அது கூட்டுப் படைப்பு ஆகிறது.

உலக எடுத்துக்காட்டுகள் இரண்டைப் பார்ப்போம். 2015 டிசம்பரில் பாரிஸில் பருவநிலை மாநாடு நடந்தபோது, கலைஞர் ஒலாஃபர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்திலிருந்து 12 பெரிய பனிக்கட்டிகளைக் கொண்டுவந்து கடிகார வடிவில் வைத்தார்கள். மக்கள் தொட்டார்கள், காது வைத்துக் கேட்டார்கள். பனி உருகி முடிந்ததும் படைப்பும் முடிந்தது.

இரண்டாவது, கலைஞர் தொமாஸ் சராசேனோவின் 'ஏரோசீன்' முயற்சி. 2020 ஜனவரியில் அர்ஜென்டினாவின் சாலினாஸ் கிராண்டஸ் உப்புவெளியில் ஒரு கறுப்பு பலூன், பெண் விமானி ஒருவரைச் சுமந்து எழுந்தது. எரிபொருளும் இல்லை, ஹீலியமும் இல்லை. கறுப்புத் துணி வெயிலை உறிஞ்சியது. உள்ளே இருந்த காற்று சூடாகி லேசானது. பலூன் மேலே போனது. அவ்வளவுதான். அந்த மண்ணுக்கடியில் லித்தியம் இருக்கிறது. அதை எடுத்தால் தங்கள் நீர்வளம் கெடும் என்று அஞ்சும் பழங்குடி மக்களின் வாசகம் பலூனின் மேல் எழுதப்பட்டிருந்தது. மண், நீர், வெயில், காற்று நான்கும் ஒரே நிகழ்வில் சேர்ந்துவிட்டன.

தமிழில் ஒரு சான்று

2015 இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நீர் தேங்க வேண்டிய சதுப்பு நிலங்களும் ஏரிகளும் கட்டடங்களாக மாறியதும் சேதம் பெருகியதற்கு ஒரு காரணம். அதன்பின் 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியாக வெளிவந்தது. சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன், பாடலாசிரியர் கபேர் வாசுகி, இசையமைத்த ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடகர் டி.எம். கிருஷ்ணா, இயக்குநர் ரதீந்திரன் பிரசாத் எனப் பலர் கைகோத்த படைப்பு அது. கச்சேரி மேடையில் பாட வேண்டியவர், அனல்மின் நிலையச் சாம்பலால் பாழ்பட்ட எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் நின்று பாடினார். கர்நாடக ராகங்கள், ஆனால் சென்னைப் பேச்சுத்தமிழ்.

தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டியது 'புறம்போக்கு' என்ற சொல். வரி விதிக்கப்படாமல், ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலம் அது. மேய்ச்சல் நிலம், ஏரி, ஆற்றங்கரை எல்லாம் அதில் அடங்கும். இன்றோ அது ஒரு வசைச்சொல். சொல்லின் மதிப்பு இறங்கியபோது நிலத்தின் மதிப்பும் இறங்கியது என்பதே பாடலின் வாதம்.

நம் மரபில் இது புதிதா?

இல்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பாருங்கள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. ஏதோ தீங்கு வருகிறது என்று உணர்ந்த மாதரி, ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரைச் சூட்டிக் குரவை ஆட வைக்கிறாள். ஊருக்கு வரும் ஆபத்தை ஊரே கூடி ஆடி எதிர்கொள்கிறது. அதே காப்பியம், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்றும் சொல்கிறது. பாலை நிலம் உருவாவதை வெப்பத்தோடு தொடர்புபடுத்தும் இக்கருத்தைப் பருவநிலைக் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நம் வட்டாரத்திற்கு வருவோம்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே மண் இருக்கிறது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அடுத்தடுத்துத் தாக்கின. பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் தாங்கவில்லை. பின்னர் நகரம் செங்கல்லில் எழுந்தது. அதற்குச் செங்கல் அறுத்துச் சுட்ட களிமண் நிலம்தான் இந்த இடம்.

காற்றுக்கும் கதை உண்டு. 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தப் புகைமூட்டத்தின் பெரும்பகுதி சுமத்ராவின் காட்டுத்தீ, கரிச்சதுப்பு நிலத்தீ ஆகியவற்றிலிருந்து வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் செடிகொடிகள் முழுதாக மட்காமல் சேர்ந்த மண் அது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் காய்ந்து, நிலத்துக்கடியிலேயே எரியும். எரிவது அங்குள்ள மண்; மூச்சுத் திணறுவது இங்குள்ள பிள்ளைக்கு. நிலத்தையும் பொழுதையும் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வகுப்பில் செய்து பார்க்க

1. ஏழு மாணவர்கள் கைகோத்து வட்டமாக நிற்கட்டும். மாதரி செய்தது போலவே பெயர் சூட்டுங்கள்: களிமண், ஆறு, மழை, கரிச்சதுப்பு, தீ, காற்று, மூச்சு.
2. ஒவ்வொருவரும் தம் பெயருக்குரிய ஓர் உண்மைத் தகவலைத் தேடி வந்து, சொந்த வாக்கியத்தில், பேச்சுத்தமிழிலேயே சொல்லட்டும்.
3. "ஆத்த மூடிட்டாங்க" போன்ற ஒரு மாற்றத்தை ஆசிரியர் அறிவிக்கிறார். அதனால் பாதிக்கப்படுபவர் கையை விடுகிறார். வட்டம் எங்கே அறுகிறது, அடுத்து யார் கை நழுவுகிறது என்று மற்றவர்கள் கவனிக்கட்டும்.
4. பிறகு அதையே எழுத்துத்தமிழில் ஒரு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

"கலை பருவநிலையை மாற்றுமா?" என்று கேட்டால், "ஆம்" என்று ஒரே அடியாக எழுதிவிடாதீர்கள். பனிக்கட்டியைப் பாரிஸுக்குக் கொண்டுவரவும் எரிபொருள் செலவாயிற்று. அந்தக் குறையையும் எழுதுங்கள். பாடல் சாம்பலை அள்ளாது. ஆனால் வரைபடத்தில் வெறும் காலியிடமாகத் தெரிந்ததை, மக்கள் வாழும் இடமாகப் பார்க்க வைக்கும். இரண்டு பக்கமும் சொல்லி முடிவுக்கு வரும் கட்டுரையே வாசிப்பவரை நம்ப வைக்கும்.

அதோடு, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஆற்றையோ கால்வாயையோ பெயர் சொல்லி எழுதுங்கள். திணை அங்கிருந்துதான் தொடங்குகிறது.